மாரண்டஹள்ளி முதல் மாரிக்குப்பம் வரை

நகரத்துக்கு வெளியே வீடு பார்க்கிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போனால் எத்தனை நிமிஷம், காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, சீசன் டிக்கெட் எவ்வளவு, நகரத்து வாடகையில் மிச்சமாகும் பணம் கடன் தவணைக்குக் காணுமா? இவ்வளவுதான். மெட்ராஸில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தக் கணக்கு நடுத்தர வர்க்கத்துக்கு மனப்பாடம். ஆபீஸ் குமாஸ்தாக்களின் வீடுகள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே மாம்பலம், குரோம்பேட்டை என்று தெற்கே நகர்ந்தன. இதைத்தான் நகர வளர்ச்சி என்று எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள். அந்த வரி இதுதான்: "நீங்க என்ன ஆளுங்க?"

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவிலிருந்து ஓசூர் கம்பெனிக்குப் போகிற அக்கா ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன்னே எழுந்து, சோறாக்கி, டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர். "ஏங்க்கா, ஓசூர்லயே ஒரு வீடு பாத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். "பாக்காமயா? நாலு தெரு சுத்தனோம். அட்வான்ஸ் எவ்ளோன்னு நாம கேக்கறதுக்கு முன்னாடி, எந்த ஊரு, ஊருக்குள்ளயா காலனியான்னு அவங்க கேக்கறாங்க. ஒரு வீட்டம்மா, கறி ஆக்குவீங்களான்னு கேட்டுச்சு. மாட்டுக்கறியான்னு வாய் விட்டுக் கேக்கல, அவ்ளோதான். அதுக்கு நம்ம ஊட்லருந்தே வந்து போயிடலாம். வண்டியில யாரும் கேக்கறதில்ல" என்றார்.

இந்தக் கடைசி வரி ஒரு வரலாறு. நம் மக்கள் நகரத்துக்கு வெளியே குடியிருந்து ரயிலில் போய்வருவதை வறுமைக் கணக்கில் மட்டும் எழுத முடியாது. கூலியை ஓரிடத்திலும் குடியிருப்பை வேறோரிடத்திலும் வைத்துக்கொள்ள முடிந்ததே நமக்கு ஒரு விடுதலையாக இருந்திருக்கிறது. அந்த விடுதலை எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றுபோனது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் வீடு நின்ற மண் யாருடையது என்று கேட்போம்.

தருமபுரி பாராமகால் பூமி. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். பின்னால் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை எங்கள் மண்ணில் முளைத்தது என்று பாடப்புத்தகம் பெருமையாகச் சொல்லும். உழவனோடு சர்க்கார் நேரடியாகப் பேசியது என்றும் சொல்லும். எந்த உழவனோடு? குடியானவன் என்று கணக்கில் ஏறியவனோடு. அவன் ஏரைப் பிடித்தவன், அவன் கிணற்றைத் தோண்டியவன், அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டியவன் பெயர் அந்தக் கணக்கில் அரிதாகத்தான் ஏறியது. பட்டா ஊருக்கு, பாடு சேரிக்கு.

நிலம் போகட்டும். குடிசை நின்ற இடமாவது சொந்தமா? செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கை இந்த முடிச்சைத் தொட்டது. பறையர் குடியிருக்கும் நத்தமே மிராசுதார் பிடியில் இருந்தது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். வேலை கொடுக்கிறவனும் வீட்டு மண்ணுக்குச் சொந்தக்காரனும் ஒரே ஆளாக இருந்தால் அந்த வீடு வீடல்ல, கட்டுத்தறி. அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது தனிக்கதை. செங்கல்பட்டில் 1994இல் அவற்றை மீட்கப் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரையே கொடுத்தார்கள்.

1920க்குப் பிறகு லேபர் டிபார்ட்மெண்ட் வீட்டுமனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது. 1971இல் குடியிருப்பு உடைமைச் சட்டம் வந்தது. 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. இவற்றால் பட்டா கிடைத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மனை எங்கே கிடைத்தது? ஊருக்கு அப்பால், ஏரி உள்வாயோரம், சுடுகாட்டுப் பக்கம். ஊர்க்காரன் வேண்டாமென்று விட்ட பக்கம். அதற்குக் 'காலனி' என்று பெயர். 2025இல் தமிழக அரசு அந்தச் சொல்லை ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தது. சொல்லை எடுத்துவிடலாம். அது நிற்கிற திசையை யார் எடுப்பது?

இனி ரயிலுக்கு வருவோம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவையும் மைசூரையும் சூறையாடியது. செத்தவர்களில் கூலிகளும் சேரி மக்களும்தான் முன்வரிசை. அதன்பின் பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோகக் கிளைப்பாதைகள் வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்தது. அந்த யோசனையில் வந்ததுதான் 1906இல் திறந்த மொரப்பூர் – தருமபுரி குறும்பாதை. 1913இல் அது பாலக்கோடு பக்கமாக ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம், பொம்மை வண்டி மாதிரி. யுத்த காலத்தில், 1941இல், அதையும் மூடிப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்கு மேல் எங்கள் பக்கம் ரயில் இல்லை. 1960களில் சேலம் – பெங்களூர் மீட்டர்கேஜ் வந்து, 1990களில் அகலப்பாதையாக மாறிய பிறகுதான் இன்று நாம் ஏறுகிற வண்டி.

இதற்கெல்லாம் முன்பே நம் ஜனங்கள் நடந்தும் வண்டியேறியும் போன இடம் ஒன்று இருக்கிறது. வேலை, வீடு, ரயில் மூன்றும் சேர்ந்தால் தலித் வாழ்வில் என்ன நடக்கும் என்று அறிய, இங்கிருந்து வடக்கே எல்லை தாண்டிக் கோலார் தங்கவயலுக்குத்தான் போக வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றியது. 1890களின் முதல் பாதியில் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரைக்கும் கிளைப்பாதை போட்டார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வடஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பறையர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கினார்கள். பூமிக்குள்ளே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தது நம் தாத்தன்மார். பாறை வெடித்துச் செத்தார்கள். தூசி நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தார்கள். இருந்த வீடோ மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை. அதுவும் கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போச்சு. அந்த வகையில் மிராசுதாரின் நத்தத்துக்கும் வெள்ளைக்காரன் லைன் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அங்கே ஊர் இல்லை. சேரி மட்டும் இருந்தது, அந்தச் சேரியே ஊராக இருந்தது. வழிமறிக்கத் தேர் இல்லை, செருப்பைக் கழற்றச் சொல்லத் தெரு இல்லை. சம்பளம் காசாக வந்தது. அந்த மண்ணில் என்னென்ன முளைத்தன என்று பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்விட்டது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தாங்கிப் பிடித்ததில் தங்கவயல் தொழிலாளிகளின் காசுக்குப் பங்குண்டு. பண்டிதர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926இல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வந்தது. அச்சகம், புத்தகசாலை, பௌத்த விகாரம் எல்லாம் சுரங்கக் கூலிகள் போட்டது. 1930இல் கைரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்ன கம்பெனியை எதிர்த்து ஆயிரமாயிரமாய் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். "குற்றப்பரம்பரையாடா நாங்கள்?" என்கிற கேள்விதான் அது. கிராமத்தில் இருந்திருந்தால் அப்படி ஒரு கேள்வியைச் சேர்ந்து கேட்க இடம் இருந்திருக்குமா?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, காற்றடித்தால் சயனைடு மேட்டிலிருந்து தூசி வீட்டுக்குள் வருகிறது. குடியிருந்த வீட்டைத் தம் பேருக்கு எழுதித் தரச் சொல்லி வருஷக்கணக்கில் போராட வேண்டியதாயிற்று. பொருளாதாரம் படித்தவர் என்ன சொல்வார்? வேலை இருக்கிற பெங்களூருக்குக் குடி பெயரும் என்பார். சிலர் பெயர்ந்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் தங்கவயலிலேயே வீட்டை வைத்துக்கொண்டு ரயிலேறினார்கள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று அந்தக் குட்டி ஸ்டேஷன்களில் விடியுமுன்னே கூட்டம் நிற்கிறது. போக எண்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம். கட்டட வேலை, செக்யூரிட்டி, துணிக் கம்பெனி, ஆபீஸ் உத்தியோகம் என்று எல்லாருக்கும் அதே வண்டி. தங்கம் எடுத்த பூமி, பெங்களூருக்கு ஆள் அனுப்பும் பூமியாயிற்று.

ஏன் போகவில்லை? வாடகை கட்டாது என்பது பாதி பதில். மீதி பதிலை நம்மால் ஊகிக்க முடியும். அங்கே தெருவில் யாரும் சாதி கேட்பதில்லை. பிணம் போகிற பாதையை யாரும் மறிப்பதில்லை. அம்பேத்கர் சிலைக்கு இரும்புக் கூண்டு போடத் தேவையில்லை. நூறு வருஷமாய் நாமே கட்டிய ஊரை விட்டு, பெங்களூரில் வீட்டுக்காரன் முகம் பார்த்து நிற்பதைவிடத் தினமும் நாலைந்து மணி நேரம் ரயிலில் நிற்பது மேல் என்று அந்த ஜனங்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாரண்டஹள்ளி அக்கா போட்ட அதே கணக்குதான்.

பெரிய படிப்பு படித்தால் இந்தக் கணக்கு மாறுமா? அம்பேத்கரை விடப் படித்தவர் யார்? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து துரத்தினார்கள். இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்க, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். வேலை கொடுத்த நகரம் வீடு கொடுக்கவில்லை. அன்று அவருக்குத் திறந்திருந்த ஒரே கதவு ரயில் கதவு.

அதற்காக ரயிலைக் கும்பிடச் சொல்லவில்லை. ரயில் நம்மை ஏற்றிக்கொண்டு போகும், இறக்கியும் விடும். இறங்கிய இடத்தில் நடப்பது அதன் பொறுப்பல்ல. 2012 நவம்பர் 7 அன்று எங்கள் மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் காரணம் என்றார்கள். எரிந்த வீடுகளைப் போய்ப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது. அங்கிருந்த ஆண்களில் பலர் பெங்களூரில் உழைத்து வாராவாரம் வந்து போனவர்கள். அந்தக் காசில் எழுந்த மெத்தை வீடு, பீரோ, டி.வி., மோட்டார் பைக், பிள்ளைகளின் சர்டிபிகேட், இவை பார்த்துப் பார்த்து எரிக்கப்பட்டன. பண்ணைக்குக் கூலியாக வர மறுத்தவன் வீடு அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. அடுத்த வருஷம் ஜூலை 4 அன்று அந்தத் திருமணத்தின் இளைஞனுடைய உடல் தருமபுரியில் தண்டவாளத்தோரம் கிடந்தது.

ஆகவே வெளியே சம்பாதித்து ஊரோரம் வீடு கட்டினால் விடுதலை வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். தங்கவயலில் சேரியே ஊராக இருந்தது. நத்தம் காலனியில் சேரியைச் சுற்றி ஊர் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான கதை சென்னையில் நடந்தது. கூவம், அடையாறு ஓரங்களில் இருந்த குடிசைகளைப் பிடுங்கி 2000த்திலிருந்து கண்ணகி நகருக்கும், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். ஏற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி யார் என்று உங்களுக்கே தெரியும். நகரத்துக்கு வெளியே வீடு, அதுவும் கான்கிரீட் வீடு. ஆனால் கொண்டுபோய் விட்டபோது ரயில் இல்லை. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் நகரத்து வேலையை விட்டார்கள், பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். தாம்பரத்துக்குப் போன குமாஸ்தாவுக்கு ரயில் முன்னே போயிற்று, வீடு பின்னே போயிற்று. நமக்கு வீடு முன்னே போகிறது, ரயில் வருவதே இல்லை. அவன் தேர்ந்தெடுத்தான். நம்மைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

ரயில் இருக்கிற நமக்கும் அது நிரந்தரமில்லை. 150 கிலோமீட்டர் வரைக்கும் சீசன் டிக்கெட் தரலாம் என்பது ரயில்வே விதி. 2009இல் ஏழைகளுக்கு மாதம் 25 ரூபாய் பாஸ் வந்தது. இவை தானமில்லை, உரிமை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி வண்டிகளை நிறுத்தினார்கள். எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியும் நெடுநாள் நம் பாசஞ்சர் ஓடவில்லை, சீசனும் செல்லவில்லை. மறுபடி ஓடியபோது பாசஞ்சரையே எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாற்றி, பத்து ரூபாய்க் குறைந்த கட்டணத்தை முப்பதாக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது பழையபடி இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் பஸ்ஸுக்குக் கொடுத்துக் கட்டுபடியாகாமல் வேலையை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒரு டைம்டேபிள் மாறினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு மாறும். அதனால் வண்டியின் நேரமும் ஜெனரல் பெட்டியின் எண்ணிக்கையும் நம் அரசியலில் சேர வேண்டியவை. தலைவர்கள் சிலைக்கு மாலை போடும் நாளில் இதையும் பேசட்டும்.

கடைசியாக, மாரண்டஹள்ளி, பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் ஓசூர் சம்பளத்தில் மனை வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு: ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்று பாருங்கள், வேண்டியதுதான். அதோடு இவற்றையும் பாருங்கள். மனைக்குப் போகிற பாதை யார் பட்டாவில் இருக்கிறது? தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் நின்றுவிடுகிறது? சுடுகாட்டுக்கு வழி எது, அந்த வழியில் நம் பிணத்தை விடுவார்களா? பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறதா? பக்கத்து மனைகளில் நம் ஜனம் இன்னும் பத்து வீடாவது வருமா? புரோக்கர் இதில் எதையும் சொல்ல மாட்டார். அவர் நோட்டீசில் ஸ்டேஷன் தூரம் மட்டும்தான் இருக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இதிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை இனி எடுக்கும் மனைகள் ஏரி உள்வாயோரம் வேண்டாம். ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், ஊரின் நடுத்தெருவில் எடுங்கள். "அங்க நெலம் வெல ஜாஸ்தி" என்பார் தாசில்தார். இருக்கட்டும். ஒரு நூற்றாண்டாய்ப் பூமிக்கடியில் தங்கம் எடுத்துக் கொடுத்த ஜனம் கேட்கிறது, நாலு சென்ட்.